மஞ்சள் காருக்குக் காய்த்த முருங்கை

திருச்செங்கோட்டுக்கு அந்த மஞ்சள் கார் வந்து சேர்ந்த நாள் எது என்று கேட்டால் ஊரில் இரண்டு பேர் ஒரே தேதியைச் சொல்ல மாட்டார்கள், ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடும் தன் ரிக் வண்டி ஒடிசாவில் வேலை முடித்துத் திரும்பிய நாள் என்பார், இன்னொருவர் மகளுக்குக் காது குத்திய நாள் என்பார், ஆனால் அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது, காரின் வயிறு வேகத்தடையில் எப்படி உரசியது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கோகிலவாணி டீச்சரின் முகம் எப்படி இருந்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். மணி அடித்ததும் வெளியே ஓடி வரும் பிள்ளையின் முகம் என்பார்கள்.

டீச்சருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலத்திலேயே இரண்டாவதாக வந்தவர், அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சுமாக மைதானத்து ஓரத்தில் நின்று மற்றவர்களை ஓடச் சொல்லியே காலம் போய்விட்டது. ஏற்காட்டுக்கு மாணவிகளைப் போட்டிக்குக் கூட்டிப்போனபோது, ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு மஞ்சள் மூக்கு மட்டும் தெரிந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். முப்பத்தோரு வயது ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு, இரண்டே சீட்டு, கூரையை மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். பெயர்ப்பட்டை எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால் எந்த நாட்டில் செய்தது என்பதுகூடத் தோட்ட முதலாளி ஆரோக்கியதாஸுக்கு நினைவில்லை.

"எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா, இதுல உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும்" என்றார் அவர். "யாராவது ஓட்டினா போதும்."

டீச்சர் அப்போதே கையை நீட்டிவிடவில்லை. அடுத்த வாரம் மெக்கானிக் அர்த்தனாரியைக் கூட்டிக்கொண்டு போனார். அர்த்தனாரி ரிக் வண்டிகளுக்கு வேலை பார்ப்பவர், ஆயிரம் அடி ஆழத்துக்குத் துளை போடும் இயந்திரம் மக்கர் பண்ணினால் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார், ஆனால் இவ்வளவு சின்ன வண்டியை அவர் கையால் தொட்டதில்லை. போவதற்கு முன்பே போனில் சொல்லச் சொன்னார்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெச்சுராதீங்கன்னு சொல்லுங்க டீச்சர். ஆறிக் கெடக்கறப்ப எப்படிக் கெளம்புதுன்னு பாக்கோணும்." அங்கே போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், துணி சுற்றிய காந்தத்தைக் காரின் உடம்பெல்லாம் ஓட்டி எங்கே தகரம் எங்கே துருவை மறைக்கப் பூசிய வெறும் பட்டி என்று பார்த்தார், தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கம் துரு இருக்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்தார், பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"எலும்பு நல்லாருக்குதுங்க. மத்ததெல்லாம் மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு. வண்டிக்கு என்ன வெலை குடுக்கறீங்களோ அதே அளவு இன்னொரு பங்கு கையில வெச்சிருக்கோணும். இல்லாட்டி வேண்டாம்னுட்டுப் போயிரலாம்."

டீச்சரிடம் சீட்டுப் பணமும் சம்பள நிலுவையும் சேர்த்து ஒரு பங்குக்கும் கால் பங்குக்கும்தான் இருந்தது. முக்கால் பங்குக்குக் கடவுள் விட்ட வழி என்று வாங்கிவிட்டார்.

டீச்சரின் கணவர் பொங்கியண்ணன் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். சத்தம் போடாதவர். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "ரெண்டே சீட்டா? ஒறம்பரைன்னு நாலு சனம் வந்தா எங்க உக்கார வெப்பே?" என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்து பாருங்கள் என்றதற்கு, ரோட்டிலேயே உட்கார்ந்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம். தினமும் காலையில் அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் பேப்பர் படிப்பது அவர் வழக்கம். இப்போது நிழலில் பாதியைக் கார் எடுத்துக்கொண்டது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கார் பதினேழு நாள் ஓடியது. பதினெட்டாம் நாள் வேலூர் ரோட்டில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, ஆவி பறக்க நின்றது. சாதாரண ரப்பர்க் குழாய்தான், ஆனால் அந்தக் காருக்கென்றே இரண்டு இடத்தில் வளைந்த குழாய். அர்த்தனாரி சேலத்தில் கேட்டார், கோயம்புத்தூரில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினார், சென்னையில் புதுப்பேட்டைக்கு ஆள் விட்டார், மூன்று வாரம் அலைந்தும் அந்த வளைவு எங்கும் கிடைக்கவில்லை. வேறு குழாயை வெட்டி ஒட்டவைத்துப் பார்த்தார், அது அரை மைல் தாங்கியது. டீச்சர் மறுபடி ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போனார்.

ஒரு புதன்கிழமை சாம்பாருக்குக் காய் பறிக்கத் துரட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தபோது, நாலு முருங்கைக்காய்க்கு நடுவே ஒன்று மட்டும் கறுப்பாக, பருத்து, இரண்டு இடத்தில் வளைந்து தொங்கியது. இழுத்தார், ஒடியவில்லை. முறுக்கினார், காம்பு விட்டுக் கையில் விழுந்தது. உள்ளே ஊதிப் பார்த்தார், அந்தப் பக்கம் காற்று வந்தது. மற்ற நாலையும் நறுக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டு, அதை மட்டும் கழுவித் துடைத்து அர்த்தனாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அர்த்தனாரி மாட்டினார். கிளிப் முறுக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் அளவுகூடக் கூடவோ குறையவோ இல்லை.

"மரம் குடுத்துச்சுங்களா?"

"ஆமா."

"நல்ல ரப்பர்" என்றார் அர்த்தனாரி.

அதற்குப் பிறகு மரம் நிற்கவில்லை. ஆடியில் நாலு ஸ்பார்க் பிளக் கொத்தாகக் காய்த்தது, ஆவணியில் ஃபேன் பெல்ட் காய்த்தது, கிளட்ச் பிளேட் ஒன்று முதலில் அப்பளம்போல் மெலிந்து வந்து வெயிலேற வெயிலேறக் கெட்டிப்பட்டது. பறிப்பதற்கு ஒரு பக்குவம் இருந்தது. அர்த்தனாரி அவசரப்பட்டு ஒரு பிரேக் ஷூவைப் பிஞ்சிலேயே பறித்துவிட்டார், அது மாட்டும்போதே பச்சைக் குச்சிபோல் வளைந்துவிட்டது. தானாக விழ வேண்டும், விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். எந்தப் பொருள் விழுகிறதோ, காரில் இருக்கும் அதே பொருள் எட்டு நாளைக்குள் கெட்டுப்போகும். அதனால் விழுந்த அன்றே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவார்கள். நாமக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போய்வந்த மஞ்சள் கார் அதற்கப்புறம் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. டீச்சர் கூரையை மடக்கிவிட்டு, நெற்றி முடி பறக்க, எண்பதில் போவார். யாரையும் முந்த வேண்டும் என்று இல்லை, முந்தவும் செய்வார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் மாவு மில் ருக்மணி அக்கா தன் மிக்ஸியைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார். அக்கா பக்கத்து வீடுதான், டீச்சர் வீட்டு முருங்கைக்கீரையில் பாதி அவருக்குத்தான் போகும், அந்த உரிமையில் கேட்காமலே வைத்தார். ஒன்பதாம் நாள் ஜாருக்கு வாஷர் விழுந்தது. அதைப் பார்த்துத் தறிக்காரர் ஒருவர் மோட்டாரைக் கொண்டுவந்தார், கல்யாண மண்டபத்துக்காரர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார், கடைசியில் ரிக் வண்டிகள் வந்தன. முருங்கைக் கிளை எதையும் தாங்காது என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் ஒரு ரிக் லாரிக்குப் பிரேக் டிரம் காய்த்து, காய்த்த மூன்றாம் நாள் கிளையோடு முறிந்து விழுந்தது. வண்டி முதலாளிகள் கூடிப் பேசி, சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து கிளைக்குக் கிளை முட்டுக் கொடுத்தார்கள். டோக்கன் முறை வந்தது. மரத்தைச் சுற்றி டீக்கடை வந்தது. வரி போடுகிற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, காய்கறி என்றால் வரி இல்லை, உதிரிபாகம் என்றால் வரி உண்டு, இது எது என்று கேட்டார். டீச்சர் அவருக்கு அதே மரத்துக் காயில் வைத்த சாம்பாரும் சோறும் போட்டார். சாப்பிட்டு முடித்து, விரலைக்கூடச் சப்பிவிட்டு, 'காய்கறி' என்று எழுதிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவே பொங்கியண்ணனைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மாடி வீடுகளுக்கு அவர் இப்போதெல்லாம் படியேறி வருவதில்லை, கீழேயே நின்றுகொண்டு மீட்டரில் என்ன காட்டுகிறது என்று சத்தம் போட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார், பொண்டாட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதும் இவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவு வண்டிகளுக்கும் கழிகளுக்கும் நடுவே பேப்பரை விரித்துக்கொண்டார்.

புரட்டாசி பிறந்ததும் அவர் தலைக்கு மேல் இருந்த கிளையில் யாருக்கும் தெரியாத ஒன்று காய்த்தது. ஒரு வளையம், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு, அதற்குள் மூன்று மெல்லிய இதழ்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது அவர் பேப்பரின் மேலேயே விழுந்தது. அவர் அதை டீச்சரிடம் கொடுத்தார், டீச்சர் அர்த்தனாரியைக் கூப்பிட்டார். அர்த்தனாரி கார்புரேட்டரில் வைத்துப் பார்த்தார், பெட்ரோல் பம்பில் வைத்துப் பார்த்தார், ரேடியேட்டர் மூடிக்குள் வைத்துப் பார்த்தார். நின்றிருந்த ஒன்பது ரிக் வண்டிகளிலும் வைத்துப் பார்த்தார். எதிலும் சேரவில்லை.

"இரும்பில்லீங்க டீச்சர், ரப்பருமில்ல" என்றார். "கையில வெச்சா வெதுவெதுன்னு இருக்குது. அதுபாட்டுக்குத் தெறந்து தெறந்து மூடுது பாருங்க."

டீச்சர் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மூன்று இதழும் விரிந்தன, மூடின, விரிந்தன, மூடின. அவர் கை தானாகவே பையிலிருந்த ஸ்டாப் வாட்சை எடுத்தது. ஒரு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. நடுவில் இரண்டு தடவை ஒரு தயக்கம், வரிசையில் கடைசியாக ஓடி வருகிற பெண் தடுக்கி நிமிர்வதுபோல. டீச்சர் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், எழுபத்திரண்டு. அர்த்தனாரியின் கையைப் பிடித்துப் பார்த்தார், எண்பது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரின் கையை எடுத்தார்.

"எதுக்கு கையப் புடிக்கறே? ஆளுக நிக்கறாங்க."

"பேசாம இருங்க."

இதழ் விரியும்போது அவர் நாடி துடித்தது. இதழ் தயங்கியபோது அவர் நாடியும் தயங்கியது. ஒரு நிமிடம் முழுக்க டீச்சர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மாடிப் படிகளும், கீழேயிருந்து சத்தம் போட்டுக் கேட்டதும், போன மாதம் சைக்கிளை விட்டுவிட்டு மொபெட் வாங்கியதும் ஒவ்வொன்றாக டீச்சர் மனதில் வந்து நின்றன.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

பொங்கியண்ணன் பேப்பரை மடித்தார். "பங்குனியிலிருந்து" என்றார். "காருக்கே எல்லாம் மாத்திக்கிட்டிருந்தே. எதுக்கு இன்னொண்ணும்னு விட்டுட்டேன்."

டீச்சருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் அப்போது நேரமில்லை. ஏனென்றால் வளையத்தின் மூன்று இதழ்களில் ஒன்று பாதியிலேயே நின்றுகொண்டு, முழுசாக விரியாமல் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. தெருமுனை டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்த உடனே நிமிர்ந்தார். இதயத்து வால்வு சுருங்கியிருக்கிறது, இன்றைக்கே கோயம்புத்தூர் போய்விடுங்கள் என்றார்.

"ஆம்புலன்ஸ்ல நான் வர மாட்டேன்" என்றார் பொங்கியண்ணன். "ஊரே இப்பவே மாலை வாங்கிட்டு வந்திரும்."

"அப்ப கார்ல ஏறுங்க."

முதல் தடவையாக அவர் மஞ்சள் காரின் அந்த இன்னொரு சீட்டில் உட்கார்ந்தார். வளையத்தை டிபன் டப்பாவில் வைத்து மடியில் கொடுத்தார்கள். ஆனால் சந்தில் முன்னால் ஒன்பது ரிக் வண்டி, பின்னால் ஜெனரேட்டர், நடுவில் இருபது மொபெட். டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். டீச்சர் காரிலேயே எழுந்து நின்று, கழுத்திலிருந்த விசிலை எடுத்து, மைதானத்தில் ஊதுவது மாதிரி மூன்று நீள ஊதல் ஊதினார்.

அந்த வட்டாரத்தில் இருபதிலிருந்து நாற்பது வயது வரை இருக்கிற பெண்கள் எல்லோரும் அந்த விசிலுக்கு ஓடியவர்கள்தான். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வந்தாள், தறியை ஓட்டிக்கொண்டிருந்தவள் தறியை நிறுத்திவிட்டு வந்தாள், ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடி வந்து வரிசையில் நின்றுவிட்டாள். டீச்சர் வழியை அடைத்து நின்ற வண்டிகளைக் கையால் காட்டினார். நாற்பது பெண்கள் மொபெட்டுகளைத் தூக்கி ஓரம் வைத்தார்கள், ஜெனரேட்டரைத் தள்ளினார்கள், டீக்கடையில் இருந்த டிரைவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து வண்டிகளில் ஏற்றினார்கள். ஏழு நிமிடத்தில் சந்து காலி. டீச்சர் நேரத்தைப் பார்த்துக்கொண்டார், பழக்கம்.

சங்ககிரி தாண்டிப் பெருஞ்சாலையில் ஏறியதும் இன்னொன்று நடந்தது. டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுவிட்டிருந்தார்கள். பவானியிலிருந்து அவிநாசி வரை திருச்செங்கோட்டு ரிக் வண்டி எது முன்னால் போனாலும், கண்ணாடியில் மஞ்சளைப் பார்த்ததும் இடது பக்கம் ஒதுங்கி ஹாரன் அடித்து வழிவிட்டது. மரம் கொடுத்த பெல்ட்டும் பிளக்கும் கிளட்சும் பம்பும் சேர்ந்து ஒரே குரலில் பாடுகிற மாதிரி இன்ஜின் ஓடியது. நூற்றுப் பத்தில் பொங்கியண்ணன் கண்ணைத் திறந்தார்.

"வாணி."

"என்னங்க? வலிக்குதா?"

"இல்ல. காத்து நல்லாருக்குது. இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உக்காந்திருப்பேன்."

டீச்சர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் கியரிலிருந்து கையை எடுத்து அவர் முழங்காலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி கியரைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார். இடுக்கியால் வளையத்தைத் தூக்கி, ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இருபத்திமூணு மில்லிமீட்டர். அளவெடுக்கற வேலை மிச்சம்" என்றார். "ஆனா எங்ககிட்ட இருக்கறதத்தான் வெப்போம். அதுக்குத்தான் கியாரண்டி பேப்பர் இருக்கு." மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. ஐந்து மணி நேரம் டீச்சர் காரிடாரில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார், எத்தனை சுற்று என்பதை முதல் தடவையாக எண்ணவில்லை. கதவு திறந்து நர்ஸ் சிரித்தபோது டப்பாவைத் திறந்து பார்த்தார். வளையம் அசைவு நின்று, உலர்ந்து, மூன்று சிறகு வைத்த சாதாரண முருங்கை விதையாகிக் கிடந்தது.

அவர்கள் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது சந்தில் ஒரு வண்டிகூட இல்லை. டீக்கடை இல்லை. டோக்கன் கொடுத்தவர் இல்லை. மனிதர்களுக்கும் அந்த மரம் காய்க்கும் என்று தெரிந்த அன்றைக்கே ஊர் மொத்தமும் எழுந்து போயிருந்தது. தன் உடம்பில் அடுத்து எது கழன்று போகும் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் விருப்பமில்லை. தெருவில் போகிறவர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கி, நிழல்கூட மேலே படாமல் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் தன் மாமியாரைக் கொண்டுவந்து அரை மணி நேரம் உட்காரவைக்கலாமா என்று ரகசியமாகக் கேட்டார், டீச்சர் விசிலைத் தொட்டதும் போய்விட்டார். ருக்மணி அக்கா காம்பவுண்டுக்கு வெளியில் நின்றே கேட்டார்:

"டீச்சர், மிக்ஸி வைக்க வந்தப்ப நானும் ஒரு பத்து நிமிசம் நின்னு பேசிட்டிருந்தேனுங்க. எனக்கு ஏதாச்சும் பிஞ்சு வுட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க அக்கா. நல்லா பாத்துட்டேன்."

"கீரை இனி வேண்டாமுங்க" என்றுவிட்டு அக்கா வேகமாகப் போனார். அதே வாரம் ஈரோட்டில் போய் ரத்தமெல்லாம் பரிசோதித்துக்கொண்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் மட்டுமல்ல, சந்தில் முக்கால்வாசிப் பேர் போய்வந்தார்கள்.

தை முடியும்போது முட்டுக்கழிகளை எல்லாம் எடுத்துவிட்ட மரம் லேசாகி நிமிர்ந்தது, நிமிர்ந்து ஒரே ஒரு கிளையில் கொத்தாகப் பூ வைத்தது. அர்த்தனாரி பார்த்துவிட்டு வந்து பொங்கியண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"வுட்டுப் பாக்கலாமுங்க. காய்ச்சதும் தெரிஞ்சுரும், காருக்கா, உங்களுக்கா, டீச்சருக்கான்னு."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைப் பூ, மற்ற முருங்கைப் பூவைப் போலத்தான் இருந்தது.

"தெரிஞ்சா?" என்றார் டீச்சர்.

"முன்னாடியே மாத்திக்கலாமுங்க."

"அர்த்தனாரி, ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தோணும்?"

"அஞ்சாயிரம்."

"ஹோஸ்?"

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பாத்துரணும். வெடிச்சா வெடிக்கட்டும்னு வுடக்கூடாது."

"இவுருக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோயம்புத்தூர். எனக்கும் அப்பவே பாத்துக்கறேன். எல்லாத்தையும் நீங்க காலண்டர்ல எழுதி வெச்சிருங்க. இதை நாமளே பாத்துக்க முடியாதா?"

அர்த்தனாரி யோசித்தார். பாகம் தேட மறுபடி உக்கடத்துக்கும் புதுப்பேட்டைக்கும் அலைய வேண்டியிருக்கும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

டீச்சர் துரட்டியைக் கொண்டுவந்து கிளையை வளைத்து, பூவை ஒன்றுவிடாமல் முறத்தில் உருவிப் போட்டார். உள்ளே போய்ச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்துபோட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, வாணலியில் ஈரம் சுண்டும் வரை பிரட்டி எடுத்தார். மூன்று தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் கவளத்தை மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக மென்றார்கள்.

"உப்பு பத்தல" என்றார் பொங்கியண்ணன்.

"இனிமே உங்களுக்கு அவ்வளவுதான் உப்பு" என்றார் டீச்சர்.

பொங்கியண்ணன் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.